ஒருசந்தியும் நோன்பும்

மாரி ஓய்ந்து, வாடைக்காற்றுத் தன் சீற்றம் அடங்கி, அழுது களைத்துறங்கும் குழவியின் மூச்செனத் தண்ணீரின்மேல் மெல்ல அசைந்துவரும் பங்குனித் திங்களின் தொடக்கத்தில், மட்டக்களப்பு வாவியை விடியற்பொழுதிற் கண்டோர் அதனை நீர்நிலை என்று சொல்ல நாவெழாது நிற்பர். வானம் எங்கு முடிந்தது, நீர் எங்குத் தொடங்கிற்று என்று பிரித்தறிய ஒண்ணாதபடி இரண்டையும் ஒரே வெண்பனி போர்த்துக் கிடக்க, அப்பனியினூடே கண்டல் மரங்கள் தம் வேர்க்கால்களை ஊன்றி, நீராடப் போந்து கரையேற மறந்த மகளிர் கூட்டம்போல் நிரையாக நிற்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கீழைநிலத்தை எழுவான்கரை என்றும், கதிரவன் சென்று மறையும் மேலை வயற்பரப்பைப் படுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழுவதும் படுவதும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட அம்மக்கள், நாம் சொல்லப் புகுந்த போர்க்காலத்தில், அவ்விரு கரைகளையும் வேறொரு வகையாலும் பிரித்தறியக் கற்றிருந்தனர். எழுவான்கரையில் அரசப் படையின் பாசறைகள் இருந்தன. படுவான்கரையிலோ படைக்கலம் ஏந்திய இளைஞரின் ஆணை நடந்தது. இடைப்பட்ட வாவி ஒருவர்க்கும் உரித்தாகாமல், பழைய நாள்களை நினைந்து கிடப்பது போலக் கிடந்தது.

அவ்வாண்டில் ஓர் அரிய பொருத்தம் நேர்ந்தது. கிறித்தவர் நெற்றியிற் சாம்பர் பூசித் தொடங்கும் தவக்காலமும், இசுலாமியர் பிறை கண்டு தொடங்கும் நோன்புத் திங்களும் ஏறத்தாழ ஒருங்கே பிறந்தன. படுவான்கரையில் கண்டற்றுறை என்னும் கத்தோலிக்கச் சிற்றூரின் கோயில் மணியோசையும், எதிர்க்கரையில் ஆற்றங்குடிப் பள்ளிவாசலின் பாங்கொலியும் வைகறைதோறும் புறப்பட்டு, நீரின் நடுவே ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன. மக்கள் மட்டும் சந்தித்துக்கொள்ளவில்லை.

கண்டற்றுறையில் சலோமை என்னும் கைம்பெண் வாழ்ந்தாள். இறால் பிடித்தும் மீன் விற்றும் தன் வயிறு கழுவிவந்த அவள், தவக்காலம் வந்ததும் ஒருசந்தி பிடித்து, நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டு, எஞ்சிய பொழுதையெல்லாம் செபமாலையிலும் துடுப்பிலும் கழிப்பவள். இளமையில் அவள் ஈன்ற ஒரே மகவு, பிறந்த சில நாளில் நகரத்து மருத்துவமனையிலேயே கண்மூடிற்று. பால் கட்டி நெஞ்சு நெருப்பாய்க் கொதிக்க, அழவும் வலுவின்றி அவள் கிடந்தபோது, அடுத்த கட்டிலில் ஆற்றங்குடிச் சைனம்பு பேறுகாலக் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தாள். அவளருகே ஓர் ஆண்குழவி பசியால் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் சொல்லவுமில்லை, ஒருவரைக் கேட்கவுமில்லை. சலோமை எழுந்து சென்று அக்குழவியை எடுத்துத் தன் மார்போடு அணைத்தாள். அவன்தான் முத்தலிப். தாய் தேறி எழும்வரை சலோமையின் பாலிலே வளர்ந்த அவன், பேச்சு வந்த நாள்முதல் அவளைப் ‘பாலும்மா’ என்றே அழைத்தான். அன்றுதொட்டு அவ்விரு குடும்பங்களும் பெருநாள்தோறும் தோணியேறிச் சென்று ஒருவர் வாசலில் ஒருவர் கைநனைத்து, உடன்பிறப்பினும் நெருங்கிய உறவாய் வாழ்ந்தன.

மூன்றாண்டுகளுக்கு முன்பு அந்த உறவின்மேல் நாட்டின் தீ வந்து விழுந்தது. ஆற்றங்குடியில் தொழுகைக்குக் குனிந்திருந்தோர், படைக்கலம் ஏந்தி வந்தவர்களால் குனிந்தபடியே சாய்க்கப்பட்டனர். அவர்களுள் சைனம்புவின் கணவன் அசனாரும் ஒருவன். அச்செய்தி அறியாது மறுநாட் காலை மீன்கூடையோடு அவ்வூர்த் துறையில் இறங்கிய சலோமையின் கணவன் யுவக்கீன், துயரமும் சினமும் கண்ணை மறைத்த சிலரின் கையில் அகப்பட்டு வெட்டுண்டான். யாரோ இரக்கமுடைய ஒருவர் அவனுடலைத் தூக்கி அவன் தோணியிலேயே கிடத்தித் தள்ளிவிட, காற்றே துடுப்பாகி, மாலைப்பொழுதில் அவனைக் கண்டற்றுறையின் கண்டல் நிழலிற் கொண்டுவந்து சேர்த்தது. உறங்கிய கோலத்திலே வந்த அவனைக் கழுவிக் கிடத்தியவள் சலோமை. சில திங்கள் சென்று, விறகு விற்போன் ஒருவன்வழிச் சைனம்பு சொல்லியனுப்பிய ஆறுதலை அவள் கேட்க மறுத்தாள். “அந்த ஊர்ப் பேச்சு என்ட வாசலுக்கு வரப்படாது” என்றாள். அதன்பின் வரவும் இல்லை.

நோன்பும் ஒருசந்தியும் நடுப்பகுதியை எட்டிய ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த சலோமையின் முன்னே, தோளில் துவக்கு மாட்டிய இளைஞன் ஒருவன் மிதிவண்டியை நிறுத்தி இறங்கினான்.

“அம்மா, முத்தலிப் எண்டு ஒருத்தன், ஆற்றங்குடிப் பொடியன். வயல் வட்டைக்குள்ள பதுங்கித் திரியக்குள்ள பிடிச்சு வச்சிருக்கம். வேவு பாக்க வந்தவனெண்டுதான் நினைக்கிறம். கேட்டா, கண்டற்றுறையில தன்ட பாலும்மா இருக்கிறா எண்டு உங்கட பேரைச் சொல்றான். உங்களுக்கு அவனைத் தெரியுமா?”

நண்டின் கால் அவள் விரலைக் கவ்வியது. அவள் அதை உணரவில்லை.

“தெரியா” என்றாள்.

“வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க தெரியாதெண்டா அவன் பொய்க்காரன். பிறகு எங்கட வேலையை நாங்க பாப்பம்.”

“அந்த ஊரில எனக்கு ஒருத்தரையும் தெரியா மனே. நீ போ.”

மிதிவண்டி மணற்றடத்தில் நெளிந்து மறைந்தது. சலோமை குனிந்து வலையை நோக்கினாள். கண்ணிகள் ஒன்றும் அவள் கண்ணுக்குப் புலப்படவில்லை. அவள் நெஞ்சிலே முதற்கண் எழுந்தது ஒருவகை நிறைவு என்பதை நாம் மறைத்தல் தகாது. தன் கணவனை விழுங்கிய ஊர் தன் பங்குக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்ற அந்நிறைவு, ஆறிய கஞ்சியின்மேற் படியும் ஆடைபோல் மெல்லியதாய்ப் படர்ந்தது. சோறு வடித்தாள், முருங்கையிலை ஆய்ந்தாள். உச்சிப்பொழுதில் ஒருவேளை உணவுக்காக வட்டிலின் முன் அமர்ந்து கையை நீட்டியபோது, முழங்கையின் மடிப்பில் ஒரு பாரம் வந்து கிடந்தது. கண்ணுக்குப் புலப்படாத, ஆயினும் ஐயுறவொண்ணாத பாரம். பாலுண்டு களைத்து, வாயோரத்தில் வெண்துளி வழிய, அவள் கையிலே தலைசாய்த்துறங்கிய ஓர் உயிரின் பாரம். தன் பிள்ளையின் எடையை அவள் உடல் மறந்துவிட்டிருந்தது. இவனது எடையை மறக்கவில்லை. கை அப்படியே நின்றது. பின்பு அவள் அச்சோற்றை வாழையிலையிற் பொதிந்து, மண்குடத்தில் நீர் மொண்டு, சிலுவைப்பாதைக்கு மணியடிக்கும் வேளையில், கோயிலுக்குச் செல்வோர் வியந்து நோக்க, பாசறையிருந்த வயற்கரையை நோக்கித் தோணியை நீரிலே தள்ளினாள்.

நண்பகல் வாவி வேறோர் உலகம். காற்று நின்றுபோக, கதிரவன் உருக்கி வார்த்த வெள்ளித் தகடென நீர்ப்பரப்பு அசைவற்றுக் கிடக்க, தொலைவிலுள்ள கரைகள் நிலத்தை விட்டெழுந்து வானில் மிதப்பனபோல் நடுங்க, உண்ணா நோன்பினால் தலை இலேசாகிய சலோமைக்குத் தான் துடுப்பை இழுக்கிறாளா, துடுப்பு தன்னை இழுக்கிறதா என்பதும் விளங்கவில்லை. தோணியின் முன்தலையான அணியத்தில் யுவக்கீன் முதுகு காட்டி அமர்ந்திருப்பதாகத் தோன்றிற்று. “எங்க போறாய்?” என்று அவன் கேட்டது போலவும், “புள்ளையைக் கூட்டிவர” என்று தான் சொன்னது போலவும், அவன் ஒன்றும் மறுக்காமல் வழக்கம்போல் வெற்றிலையைக் கிள்ளி வாயில் இட்டுக்கொண்டது போலவும் அவளுக்கு இருந்தது. நீர்க்காகம் ஒன்று சிறகடித்தெழுந்தபோது அணியம் வெறுமையாயிருந்தது.

அறுவடை முடிந்த வயல்களின் ஓரத்தில், மருதமர நிழலொன்றில் இளைஞர் பாசறை அமைந்திருந்தது. மரத்தின் அடியில் கைகள் பின்கட்டாகக் கட்டப்பட்டு, அரும்புமீசையில் மண் ஒட்டி, வெடித்த உதடுகளோடு முத்தலிப் அமர்ந்திருந்தான். மூன்றாண்டில் அவன் ஆளாகியிருந்தான். ஆயினும் அவளைக் கண்டதும் மலர்ந்த முகம் பழைய முகமே.

பாசறைத் தலைவன் தன் இயற்பெயரைத் துறந்து வேறு பெயர் பூண்டவன். சலோமை அவனை உற்றுநோக்கி, “நீ பழுகாமத்துக் கண்ணகையக்காட மகன் கனகசிங்கம்தானே? என்னட்ட மீன் வாங்க வரக்குள்ள உன்னை இடுப்பில வச்சுக்கொண்டுதான் வருவா” என்றாள்.

“அதெல்லாம் பழைய கதை. காலமை தெரியாதெண்டு சொன்ன ஆள் இப்ப ஏன் வந்தீங்க?”

“பொய் சொல்லிப்போட்டன். அதைத் திருப்பி எடுக்க வந்தனான்.”

“உங்கட புருசனை வெட்டினது இவன்ட ஊராக்கள்.”

“ஓம். கழுவிக் கிடத்தினது நான். நீ எனக்குச் சொல்லத் தேவையில்ல.”

“பின்ன ஏன் அம்மா?”

“என்ட புள்ளை மண்ணுக்க போன கிழமை, என்ட நெஞ்சில கிடந்து என்னைச் சாக விடாம வச்சிருந்தவன் இவன். ஒற்றனெண்டா என்னையும் சேத்துச் சுடு. இல்லையெண்டா தா, கூட்டிக்கொண்டு போறன்.”

போரைத் தவிர வேறெதிலும் முதிராத கனகசிங்கத்தின் கண்களிலே ஒரு கலக்கம் வந்து போயிற்று. “வாப்பாட காணியைப் பாக்க வந்த நான் எண்டுதான் இவனும் சொல்றான். ஊருக்க ஆளனுப்பி விசாரிக்கிறம். அதுமட்டும் இருங்க” என்று கூறி, முத்தலிபின் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னான்.

சலோமை குடத்தை நீட்டினாள். முத்தலிப் தலையசைத்தான்.

“நோன்பு பாலும்மா. விடியச் சகர்ச் சோத்துக்குப் பிறகு ஒண்டும் தொடல்ல. இவங்க தண்ணி தந்தாங்க, நான் குடிக்கல்ல.”

“நானும் இன்னும் சாப்பிடல்ல. ஒருசந்தி.”

“அப்ப ரெண்டு பேரும் இருப்பம்” என்று அவன் சிரித்தான். சற்றுப் பொறுத்து, “நீங்க வருவீங்கெண்டு எனக்குத் தெரியும்” என்றான்.

அச்சொல் அவளைச் சுட்டது. “காலமை உன்னைத் தெரியாதெண்டுதான் சொன்னனான் மனே” என்று நிலத்தை நோக்கிச் சொன்னாள்.

முத்தலிப் வெடித்த உதடுகளை நாவால் தடவிக்கொண்டான். “இப்ப வந்துட்டீங்கதானே” என்றான், அவ்வளவே.

கதிரவன் படுவான்கரையின் வரப்புகளுக்கப்பால் இறங்கி, அரிந்த தாள்களின் அடிக்கட்டைகளெல்லாம் பொன்முளைகளாய் ஒளிர்ந்து மங்க, நீரின்மேல் நடந்துவருவது போல் எதிர்க்கரையின் பாங்கொலி மெலிந்து வந்து செவியைத் தொட்டது. அவன் குடத்து நீரால் நோன்பு திறந்தான். அவள் பொதியை அவிழ்த்து, நெற்றியில் சிலுவை வரைந்து, அச்சோற்றை இருவர்க்கும் நடுவே வைத்தாள். ஒரே இலையில், ஒருவர் கை ஒருவர் கையில் பட, ஆறிப்போன அந்தச் சோற்றை இருவரும் உண்டனர். சற்றுத் தொலைவில் காவல் நின்ற இளைஞர், ஏனென்று அறியாமலே முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டனர்.

காணி அசனாருடையதே என்று ஊரார் சொன்ன செய்தி வந்துசேர்ந்தது. விடிவெள்ளி எழுந்ததும், “காணியை இனி மறந்திடச் சொல்லுங்க. இன்னொருக்கா வந்தா என்னால ஏலாது” என்று கூறிக் கனகசிங்கம் அவர்களை விடுத்தான். மீன் விற்கும் பெண்டிரின் தோணிகளைப் படையினர் விடியலிலே தடுக்காது விடுவது வழக்கமாதலால், பனியினூடே துழாவிச் சென்று, சலோமை ஆற்றங்குடித் துறையில் மூன்றாண்டுகளுக்குப் பின் தோணியை அணைத்தாள். மகனைக் காணாது கரையிலேயே கண்விழித்துக் கிடந்த சைனம்பு, முழங்கால் நீரில் ஓடிவந்து அவனைத் தழுவினாள். பின்பு சலோமையின் பக்கம் திரும்பினாள். வறண்டு சுருங்கிய அம்முகத்தில் மகிழ்ச்சியும் அச்சமும் ஒன்றையொன்று துரத்தின.

“அக்கா, ஒண்டு சொல்லணும். சொல்லாம இந்தப் புள்ளையை உங்கட கையால வாங்கினா எனக்கு ஹறாம். அண்டைக்கு யுவக்கீன் அண்ணன் எங்கட வாசலுக்குத்தான் ஓடிவந்தாரு. ‘சைனம்பு, கதவைத் திற’ எண்டு தட்டினாரு. ஊட்டுக்குள்ள என்ட மனிசன்ட மையத்துக் கிடக்கு. வெளிய ஆக்கள் கத்திக்கிட்டு வாறாங்க. நான் தாழ்ப்பாளில கையை வச்சிக்கிட்டு நிண்ட நான். திறக்கல்ல அக்கா. புறகு தட்டுற சத்தம் நிண்டுட்டு.”

சலோமை அழவில்லை. தோணியைத் திருப்பினாள். பின்னால் “பாலும்மா” என்று முத்தலிப் அழைத்த குரலைப் பனி விழுங்கிற்று.

அதன்பின் வந்த கிழமைகள் அவளுக்குக் கனவுபோற் கழிந்தன. இசுலாமியரின் பெருநாட்பிறை வாவியின்மேல் தோன்றி மறைந்தது. குருத்தோலை ஞாயிறு வந்தது. பாடுகளின் கிழமையும் வந்தது. அலை தோணியின் பக்கத்தில் மோதும் ஓசை, கதவு தட்டும் ஓசையாய்க் கேட்டது. மணி ஒலிக்கலாகாத பெரிய வெள்ளியன்று, மக்களைக் கோயிலுக்கு அழைக்க மூப்பர் இராசதுரை மரப்பலகையைத் தட்டிக்கொண்டு தெருவழியே சென்றபோது, சலோமை செவிகளைப் பொத்திக்கொண்டு குடிலினுள் ஒடுங்கினாள். கண்ணை மூடினால், கதவுக்கு வெளியே யுவக்கீன் நின்றான். உள்ளே, தாழ்ப்பாளின்மேற் கைவைத்துச் சைனம்பு நின்றாள். சில பொழுது அந்தக் கை தன் கையாகவே மாறிற்று. சைனம்பு திறக்காதது ஒரு கதவு. தான் “தெரியா” என்று சொல்லி அடைத்ததும் ஒரு கதவன்றோ? இரண்டும் ஒன்றல்ல என்று தனக்குத்தானே வழக்குரைத்தாள். தான் பின்னர்த் தோணியெடுத்துச் சென்றதை எடுத்துக் காட்டினாள். ஆயின் அவ்வழக்கு அவளையே எதிர்த்துத் திரும்பியது. தன் பொய்யைத் திருப்பியெடுக்கத் தனக்கு ஒரு பகல் முழுதும் வாய்த்திருந்தது. சைனம்புவுக்கு வாய்த்ததோ, தட்டும் ஒலி நிற்குமளவுமான சிறுபொழுதே. அப்பொழுதிலும் அவள் பின்னால் கணவனின் உடல் கிடந்தது.

உயிர்ப்புப் பெருநாளின் முந்தைய நாள் வந்தது. இருளில் ஒளியைக் கண்டால் எதிர்க்கரைப் பாசறையிலிருந்து எறிகணை வந்து விழும் என்னும் அச்சத்தால், இரவில் ஏற்றவேண்டிய புதுநெருப்பை அவ்வூரார் பட்டப்பகலிலேயே கோயில் முற்றத்தில் ஏற்றினர். பங்குனி வெயில் வெள்ளையாய் எரிந்துகொண்டிருக்க, அடுக்கிய விறகிலே குருவானவர் தீ மூட்டினார். புகையில்லை, சுடரும் கண்ணுக்குப் படவில்லை.

“சுவாமி, நெருப்புப் பத்தினதாத் தெரியல்லையே” என்றார் மூப்பர்.

“கையை வச்சுப் பாருங்க மூப்பர்” என்றார் குருவானவர்.

மூப்பர் கையை நீட்டி, “ஐயோ!” என்று பின்வாங்கினார். முற்றம் முழுதும் சிரித்தது. போர் தொடங்கியபின் அக்கோயிலில் அத்தனை பேர் சேர்ந்து சிரித்தது அதுவே முதன்முறை. சலோமையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. மூன்றாண்டுகளாக இறுகிக் கிடந்த ஏதோவொன்று நெகிழ்ந்து, அவள் நின்ற இடத்திலேயே அமர்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தி நெடுநேரம் அழுதாள். அருகிருந்த பெண்கள் அவளைத் தடுக்கவில்லை.

மறுநாள், உயிர்த்த ஞாயிற்றுத் திருப்பலி முடிந்ததும், பிறர் விருந்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கையில், அவள் தன்னந்தனியே வாவியைக் கடந்தாள். ஆற்றங்குடியின் ஒடுங்கிய தெருவழியே, வேலியோரங்களிலிருந்து நோக்கிய கண்களுக்கு அஞ்சியும் அஞ்சாதும் நடந்தாள். இவ்வழியேதான் அவனும் ஓடினான் என்று கால்கள் அவளுக்குச் சொல்லின. நீலம் பூசி வெளிறிய அக்கதவின் முன்னே வந்து நின்றாள். பலகையிலே கையை வைத்தாள்; அவன் கை பட்ட இடம் எதுவென்று அறிய வழியில்லை. முழுதும் அவன் கை பட்ட இடமே என்று கொண்டாள். தட்டினாள்.

“ஆரு?” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

“நான்தான் சைனம்பு. கதவைத் திற.”

உள்ளே ஓசையற்றுப் போயிற்று. கதவின் அப்பால் ஒருத்தி மூச்சடக்கி நிற்பதும், தாழ்ப்பாளின்மேல் ஒரு கை தங்கியிருப்பதும் சலோமைக்குக் கண்ணாற் கண்டதுபோல் விளங்கின. அவள் மீண்டும் தட்டவில்லை; காத்துநின்றாள். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு திறந்தது.

இருவரும் ஒருவரையொருவர் நோக்கி நின்றனர். சலோமை அவளைத் தழுவவுமில்லை, பொறுத்தேன் என்று சொல்லவுமில்லை. அவ்வளவு பெரிய சொல்லைச் சுமக்கும் வலு அன்று அவளுக்கு இருக்கவில்லை.

“வெயிலுக்குள்ள துடுப்பு வலிச்சு வந்தனான்” என்றாள். “குடிக்கத் தண்ணி தா.”

வாசற்படியைக் கடந்து அவள் உள்ளே சென்றாள்.

படிப்போரே, போர் அத்துடன் ஓயவில்லை. அதன்பின்னும் பல ஆண்டுகள் அவ்வாவியின்மேல் எறிகணைகள் பறந்தன. இறந்தோர் ஒருவரும் எழுந்து வந்திலர். அசனாரின் வயலும் அவன் மகன் கைக்கு மீளவில்லை. கனகசிங்கம் எந்த மண்ணில் வீழ்ந்தான் என்பதை அவனைப் பெற்றவளும் அறியாள். ஆயினும், உயிர்ப்பு என்பது யாது என வினவுவோர் உளராயின், அன்று ஆற்றங்குடியில், நீர் மொண்டு நீட்டிய ஒருத்தியையும், அந்நீரை ஒரு துளியும் எஞ்சாமற் பருகி, “இன்னும் கொஞ்சம் தா” என்று கேட்ட மற்றொருத்தியையும் நாம் சொல்லுவோம். அதற்கு மேல் சொல்ல நாம் அறியோம்.